ஆந்தைப் பெட்டிகள் நின்ற குளம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு என் கட்டிலைச் சுற்றி இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். தலைமாட்டில் இடப்பக்கம் என் கணவர் தேவா. அவருக்குப் பக்கத்தில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர் எஸ்தர் அக்கா, கையில் கஞ்சித் தூக்கு. கால்மாட்டில் பாஸ்டரம்மா. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி, எங்களுக்கு ஓட்டமும் நீச்சலும் சொல்லித்தரும் ஆல்வின். வலப்பக்கம் டாக்டர் சுராயாவும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாதியும். என்னோடு சேர்த்து ஏழு பேர். மகள் சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் நான் டாக்டருக்குப் பதில் சொன்னேன்.

டாக்டர் மலாயில் கேட்டார். "போன ரெண்டு மூனு வாரத்துல ஆறு, குளம், அருவின்னு எங்கயாவது தண்ணியில இறங்குனீங்களா? வீட்டுல எலி இருக்கா?"

எலி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் எலியா? நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை தரை துடைக்கிறவள்.

"எலியெல்லாம் இல்ல டாக்டர். தண்ணின்னா, ஸ்விம்மிங் பூல்ல மட்டும்தான்."

எஸ்தர் அக்கா விடவில்லை. "எங்க ஃபெலோஷிப்புலதான் காசு கட்டி அனுப்புறோம் டாக்டர். குளுவாங் டவுன்ல நல்ல பூல். மருந்து போட்ட தண்ணி. கரிப்பாப் வித்த காசுலா."

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். நீச்சல் குளம் மட்டும். அந்த ஒரு வரி இரண்டு நாட்கள் என் கோப்பில் கிடந்தது. அந்த இரண்டு நாட்களில்தான் என் சிறுநீரகங்கள் நின்றுபோயின.

நீண்ட தூர டிரையத்லானுக்குப் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் போட்டி) பயிற்சி எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு (ஒன்பதாம் வகுப்பு) பள்ளியை விட்டவள். பாலோ என்ற சிற்றூரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மருத்துவ வார்த்தைகளை டாக்டரிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். தப்பிருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

நான் பயந்த பிறவி. வேனைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பேன். பிள்ளைகளை இறக்கிய பிறகு ஒவ்வொரு இருக்கைக்குக் கீழேயும் குனிந்து பார்ப்பேன், யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று. மகள் பாலம் தாண்டி வேலைக்குப் போனதிலிருந்து அவள் "ரீச்ட்" என்று ஒரு வார்த்தை அனுப்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. நாற்பத்தொரு வயதில் ரத்தப் பரிசோதனையில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எல்லையில் இருக்கிறது என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

ஆல்வின் எங்கள் சபைப் பையன், வங்கியில் வேலை. சபையில் ஓட்டக்குழு ஒன்று தொடங்கினான். நடக்கப் போன நான் ஓடினேன். ஓடினால் தலைக்குள் சத்தம் குறைந்தது. பிறகு யாரோ கொடுத்த பழைய சைக்கிள். ஒன்றரை வருடத்தில், கிழக்குக் கரையில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கடலில் ஒன்று புள்ளி ஒன்பது கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் சபையில் அதற்குப் போகும் முதல் பெண் நான்தான் என்று பாஸ்டர் பிரசங்கத்திலேயே சொன்னார்.

எனக்கு நீச்சல் சுமார். அதற்குத்தான் பெண்கள் ஐக்கியம் ஆறு மாதத்துக்கு ஐந்நூற்று நாற்பது ரிங்கிட் தந்தது. மாதம் தொண்ணூறு, குளத்துக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் சேர்த்து. ஞாயிறு ஆராதனை முடிந்து கரிப்பாப்பும் (உள்ளே கறி வைத்துப் பொரித்த பலகாரம்) நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) விற்ற பணம். எஸ்தர் அக்கா கவரில் போட்டுக் கொடுத்தபோது நோட்டுகளில் எண்ணெய் வாசம் அடித்தது.

முதல் மாதம் கட்டினேன். மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, நான் போட்டிருந்த பருத்தி டி-ஷர்ட்டைப் பார்த்துவிட்டு உயிர்காப்பாளர் விசில் ஊதினார். பருத்தி போட்டு இறங்கக் கூடாதாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்க, நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, நான் ஏணியில் ஏறி வெளியே வந்தேன். பின்னால் ஒரு பையன் ஏதோ சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று நான் ஒரு மாதம் யோசித்தேன்.

பிறகு நான் போகவில்லை. அந்த மாதக் கடைசியில் வேனுக்கு ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் கட்ட வேண்டியிருந்தது. கவரில் இருந்த நானூற்று ஐம்பதும் அதற்குப் போனது. அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். எடுக்கிற எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது.

நீச்சல் பழக வேறு இடம் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு குளம் இருக்கிறது. நாற்றுப்பண்ணைக்குத் தண்ணீர் இறைப்பதற்காக வெட்டியது. காலைப் பிள்ளைகளை இறக்கியபின் மதியப் பிள்ளைகளை ஏற்றும்வரை எனக்கு நேரம் இருந்தது. வேலியில் ஓர் இடத்தில் கம்பி தளர்ந்திருந்தது.

குளத்துத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறம். மேலே எண்ணெய்ப் படலம்போல ஒன்று, வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். கரையில் அழுகிய மட்டைகள். கால் வைத்தால் சேறு கணுக்கால்வரை வாங்கிக்கொண்டு, எடுக்கும்போது சப்பென்று ஒரு சத்தம் போடும். வாய்க்குள் போனால் துருப்பிடித்த இரும்பும் பழைய சாக்கும் கலந்த ருசி. நான் நன்றாகவே குடித்திருக்கிறேன். நீச்சல் சுமாரானவள் குடிக்கத்தானே செய்வாள்.

குளத்தைச் சுற்றி உயரமான கம்பங்களில் மரப்பெட்டிகள் நின்றன. ஆந்தைப் பெட்டிகள். ஆந்தை வந்து குடியிருக்கட்டும் என்று தோட்டக்காரர்கள் வைப்பது. ஆந்தை எதைப் பிடித்துத் தின்னும் என்று எனக்குத் தெரியும். தேவா செம்பனை ஆலையில் எடைமேடை வேலை. கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் அந்தப் பெட்டிகளை நான் திரும்பும் இடத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டேன். முதல் பெட்டியிலிருந்து மூன்றாம் பெட்டிவரை போனால் நூறு மீட்டர்.

ஒரு நாள் நீந்தும்போது கை எதன்மேலோ பட்டது. மட்டை என்று நினைத்துத் தள்ளினேன். மெத்தென்று அமுங்கியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். உப்பிப்போய், மயிர் கழன்று, வயிறு மேலே தெரிய ஓர் எலி. கையை அதே தண்ணீரில் கழுவினேன். கழுவிவிட்டு மிச்சத் தூரத்தையும் நீந்தி முடித்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்.

அன்று என் இடது குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்து பச்சையாக இருந்தது. ஓட்டத்தில் வந்தது.

அந்த வாரம்தான் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் என்னை எழுப்பிவிட்டார்கள். தண்ணீருக்குப் பயந்திருந்த என்னைக் கர்த்தர் எப்படித் தண்ணீரில் நடத்தினார் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். பூல் என்றுதான் சொன்னேன். பூலின் நீலத் தரையைக்கூட வர்ணித்தேன். எஸ்தர் அக்கா முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது நினைத்தால் எலியைத் தொட்டதைவிட அதுதான் அதிகமாகக் குமட்டுகிறது.

எலியைத் தொட்டு எட்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, வேனில் கிளட்சை மிதிக்க முடியவில்லை. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இருந்தன. விரலால் தொட்டாலே கண்ணில் தண்ணீர் வந்தது. ஆல்வினுக்கு வாட்சப்பில் கேட்டேன்.

"நல்லதுக்கா. தசை கட்டுது," என்று குரல்செய்தி அனுப்பினான். "ஒடம்பு நிப்பாட்டுன்னு சொல்லும்போதுதான் மனசு வளரும். இன்னிக்கு லேசா ஓடுங்க."

கண் சிவந்திருந்தது. நீச்சல் கண்ணாடி இறுக்கம் என்றான். தலைவலிக்கு உப்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னான். வாந்தி எடுத்தபோது, ஓடுகிறவர்கள் சக்திக்காகச் சாப்பிடும் அந்தப் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவனைக் குறை சொல்லவில்லை. பயிற்சியில் இருக்கிறவர்களுக்கு எல்லா நோயும் பயிற்சி மாதிரியே தெரியும். சின்னச் சின்னதுக்கெல்லாம் பயப்படும் நான், என் உடம்பே நின்றுபோகப் போகிறேன் என்று நேராகச் சொன்னபோது, ஒரு வங்கிப் பையனின் குரல்செய்தியைக் கேட்டுச் சமாதானமானேன்.

வலி மாத்திரை ஆறு போட்டேன், மூன்று நாளில். நோட்டில் இதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். சிறுநீரகம் தடுமாறும்போது அந்த வகை வலி மாத்திரை அதை இன்னும் கெடுக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

சனிக்கிழமை சிறுநீர் கோப்பி-ஓ (பால் விடாத காப்பி) நிறத்தில் வந்தது. தேவா பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

மருத்துவமனையில் காய்ச்சலையும் பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) குறைந்திருப்பதையும் பார்த்து முதலில் டெங்கியைச் சந்தேகித்தார்கள். எங்கள் பக்கம் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் சந்தேகம் அதுதான். ஞாயிறு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்தப் பதிலைச் சொன்னேன். திங்கள் டெங்கி இல்லை என்று வந்தது. அன்று மாலை கண்ணின் வெள்ளை மஞ்சளானது. கதீட்டர் (சிறுநீர் இறங்கப் போடும் குழாய்) பையில் காலையிலிருந்து ஒரு மேசைக்கரண்டிதான் சேர்ந்திருந்தது. டாக்டர் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் பரிசோதனை எழுதினார். கோப்பைப் புரட்டினார். அந்த வரியை மறுபடி படித்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டு என்ன யோசித்தேன் தெரியுமா? சாவைப் பற்றி இல்லை. பூல் கவுண்டரில் யாராவது எஸ்தர் அக்காவிடம் என் மாத அட்டை ஐந்து மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லியிருப்பார்களா என்று.

செவ்வாய்க்கிழமை மதியம் எஸ்தர் அக்கா கஞ்சியோடு வந்தார். மூடியில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த தேவா, கையில் என் நீச்சல் பையோடு வந்தார். அக்காவைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். அக்கா நகர்ந்ததும் பையைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். குப்பென்று வந்தது.

"இது பூல் வாசமா ரூத்து?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான் பொறந்து வளந்தது தோட்டத்துல. இது நர்சரிக் கொளம். துணியில செம்பனை நாரு ஒட்டியிருக்கு. எத்தன நாளா?"

"அஞ்சு மாசம்."

"சுத்தி ஆந்தைக்கு வீடு கட்டி வச்சிருக்கான் மொதலாளி. எதுக்குன்னு நெனச்ச? ஆந்தை வந்து நாசி லெமாக் சாப்பிடவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. "அக்கா கெளம்பட்டும்ங்க. அப்பறம் டாக்டர்ட்ட சொல்றேன்."

தேவா சிறுநீர்ப் பையைக் கட்டிலுக்குக் கீழிருந்து தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம் கறுப்பாக நின்றது. "ஒண்ணுக்கு நின்னு போச்சு. இவ மானத்தப் பாக்குறா." அதற்கு மேல் அவர் என்னைக் கேட்கவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

டாக்டர் வரும்போது எஸ்தர் அக்காவும் திரும்பி வந்துவிட்டார். எதையோ புரிந்துகொண்ட டாக்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். திரை முழங்கால்வரைதான். அதற்குக் கீழே அக்காவின் பழுப்புச் செருப்பு தெரிந்தது. செருப்பு நகரவில்லை. துணித்திரை எதையும் மறைக்காது என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வாய் வறண்டு சத்தம் வரவில்லை. டாக்டர் குனிந்து, "கொஞ்சம் சத்தமா," என்றார். சத்தமாகச் சொன்னேன். "பூலுக்குப் போகல டாக்டர். தோட்டத்துக் கொளத்துல நீந்துனேன். அஞ்சு மாசமா. பூல் காச வேனுக்குக் கட்டிட்டேன்." காசைப் பற்றி டாக்டர் கேட்கவேயில்லை. அது செருப்புக்காகச் சொன்னது.

"தண்ணி வாய்க்குள்ள போச்சா?"

"போச்சு."

"கால்ல புண் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எலி?"

"கையால தொட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. தாதியிடம் திரும்பி வேகமாக ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "கென்சிங் திக்குஸ்," என்றார். மலாயில் எலிச் சிறுநீர். லெப்டோஸ்பைரோசிஸ் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், புண் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போய் வரும் நோய்) என்ற பெயரைப் பிறகுதான் நோட்டில் எழுதித் தந்தார். கெண்டைக்கால் வலி, சிவந்த கண், மஞ்சள், நின்றுபோன சிறுநீர் எல்லாம் அதன் அடையாளங்கள். நான் ஓட்டத்தின் கணக்கிலும் கண்ணாடியின் கணக்கிலும் எழுதி வைத்திருந்தவை.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் அரை மணி நேரத்தில் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏறியது. திரையை விலக்கியபோது கஞ்சித் தூக்கு மேசையில் இருந்தது. எஸ்தர் அக்கா இல்லை.

மருந்து கிருமியைப் பார்த்துக்கொண்டது. சிறுநீரகம் உடனே திரும்பவில்லை. கழுத்தில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் (ரத்தத்தின் கழிவை இயந்திரத்தால் வடிகட்டும் சிகிச்சை) செய்தார்கள். பதினோரு நாளில் ஐந்து முறை.

அந்த நாட்களில் என் உடம்பைப் போல நான் வேறெதையும் வெறுத்ததில்லை. தோல் மஞ்சளாகி அரித்தது. சொரிந்த இடத்தில் நகத்தடம் நின்றது. வாய்க்குள் அழுக்குக் காசைச் சப்பியது போன்ற ருசி. என் மூச்சிலேயே மூத்திர வாடை அடித்தது. டாக்டரிடம் கேட்டேன்; வெளியே போக வேண்டியது போகாவிட்டால் அப்படித்தான் என்றார். நாளுக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். தாகம் கொன்றது. டம்ளரைக் கையில் எடுத்தால் குளம் ஞாபகம் வந்து குமட்டியது. குடிக்கவும் முடியாது, குடிக்காமல் இருக்கவும் முடியாது.

பக்கத்து இயந்திரத்தில் மாணிக்கம் அண்ணன் என்று ஒருவர். இனிப்பு நீரில் சிறுநீரகம் போனவர். ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் வருகிறார். என் கதையை முழுசாகக் கேட்டார்.

"நான் கடைக்குக்கூட நடந்து போனதில்லம்மா. மோட்டர்தான்," என்றார். "நீ இத்தன கிலோமீட்டர் ஓடி வந்து எம்பக்கத்துல உக்காந்திருக்க."

"ஆமாண்ணே."

"நல்ல டைமிங்கா?"

அந்த வாரத்தில் என்னை வாய்விட்டுச் சிரிக்கவைத்தவர் அவர் ஒருவர்தான். கிளம்பும்போது சொன்னார், "ஒனக்குத் திரும்பி வந்துரும். வந்தா இங்க எட்டிப் பாக்காத. எங்களுக்குப் பொறாமையா இருக்கும்."

பன்னிரண்டாம் நாள் காலை தாதி சிறுநீர்ப் பையை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தார். முந்நூறு மில்லி. இளமஞ்சள். தேவா குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முந்நூறு ரூத்து. மெடல் குடுக்கலாம்லா." எனக்கு அதைப் பார்க்க அருவருப்பாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) அடுத்த நாட்களில் படி இறங்குவது போல இறங்கியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். மூன்று வாரத்தில் வீடு.

வீட்டுக்கு வந்தபின் ஆல்வின் வந்தான். போட்டி முடிந்திருந்தது. என் பெயரும் எண்ணும் அச்சடித்த, நான் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டிய தாளைக் கொண்டுவந்திருந்தான்.

"கெண்டைக்கால் வலின்னு நீங்க சொன்னப்பவே கிளினிக் போங்கன்னு சொல்லியிருக்கணும்க்கா," என்றான்.

"நான் கொளம்னு சொல்லியிருக்கணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். புறப்படும்போது கேட்டான், "குரூப்புல நீங்க ஒருநாள் பேசணும்க்கா. இந்த நோய் கத்துக்குடுத்த அஞ்சு பாடம்னு. எல்லாருக்கும் இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

"அஞ்சா?"

"மூனுகூடப் போதும்."

"ஒன்னுதான்யா இருக்கு. கண்ட தண்ணியில எறங்காதீங்க, எறங்குனா டாக்டர்ட்ட மறைக்காதீங்க. அதுக்கு எதுக்கு மைக்கு?"

முகம் சுருங்கிப்போய் எழுந்தான். என் மனம் கேட்கவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அவனுடைய குழுவில் தினமும் காலையில் வரும் வாசகங்களை நான் ஒன்றரை வருடம் படித்தவள். சில நாள் வேனில் ஒட்டியும் வைத்திருந்தேன். வலியைத் தாண்டினால் வேறு ஆளாகலாம் என்பார்கள். நான் தாண்டினேன். மஞ்சளாக வேறு ஆளானேன். ஓடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டம் என் இனிப்பு நீரை எல்லையிலேயே நிறுத்தியது, அது உண்மை. உடம்பு நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

அதற்கடுத்த வாரம் எஸ்தர் அக்கா வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் முறை. கஞ்சி இல்லை. கையில் பச்சை அட்டை போட்ட கணக்கு நோட்டு. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஐக்கியத்துல பேசிட்டோம்," என்றார். "காச யாரும் கேக்கல. விட்டாச்சு."

"வேணாம்க்கா..."

"நான் முடிச்சிக்கிறேன். ஆனா ஒரு சாட்சி சொல்லணும். கர்த்தர் மரணத்துலேர்ந்து தூக்கி எடுத்தார்னு. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"கொளத்தப் பத்திச் சொல்ல வேணாம். பூல் காசப் பத்தியும் வேணாம். சும்மா காய்ச்சல்னு சொல்லு. சபைக்குள்ள எதுக்கு அசிங்கம்."

அவர் எனக்கு நல்லதுதான் செய்ய வந்தார். என் மானத்தைக் காப்பாற்ற வந்தார். ஒரு மாதத்துக்கு முன்பு இதே ஏற்பாட்டை யாராவது சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இப்போது வாய்க்குள் அந்தத் துருத் தண்ணீர் மறுபடி ஊறியது. எனக்கு அடையாளம் தெரிந்த ருசி. சிங்க்குக்கு ஓடிப்போய்த் துப்பினேன்.

திரும்பி வந்து சொன்னேன். "கொளத்தச் சொல்லாம எப்படிக்கா சொல்றது? நம்ம சபைப் பிள்ளைங்க பாதிப் பேரு அங்க மீன் பிடிக்குது. சொன்னா முழுசாச் சொல்றேன். இல்லன்னா சொல்லல. காச மாசம் முப்பதாத் தந்துர்றேன்."

அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு அந்த டாக்டர்ட்ட நான் வேற பெருமையா, மருந்து போட்ட தண்ணின்னு..." என்று நிறுத்தினார். "அது ஞாபகம் வந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுடி. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா நீ சொல்லியிருப்பியோ என்னமோ."

"இல்லக்கா. சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் நோட்டைத் திறந்து பேனாவைத் தேடினார். "சரி. எவ்வளவுன்னு எழுதட்டும்?"

"நானூத்தம்பது."

இப்போது வேன் ஓட்டுகிறேன். முன்பு காலையில் எழுந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன்: எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர். இப்போது கழிவறைக் கோப்பையைப் பார்க்கிறேன்: என்ன நிறம். வாரம், மாதம் எல்லாம் போய், ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்த ரத்தப் பரிசோதனைவரை என்றுதான் காலம் நகர்கிறது. இடையில் இருப்பது என்னுடையதா, இரவலா என்று தெரியவில்லை. குளிக்கும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறேன். முகத்தில் தண்ணீர் படும்போதெல்லாம் என் உடம்பு என்னைக் கேட்காமலேயே பின்வாங்குகிறது. அது என்னைவிட முன்னெச்சரிக்கையாக இருக்கிறது. இருக்கட்டும்.

தோட்டச் சாலையில் ஆந்தைப் பெட்டிகள் வரும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன். குளிர்சாதனம் இல்லாத வேன். பிள்ளைகள் புழுங்குகிறது ஆன்ட்டி என்று கத்துவார்கள். மூன்றாம் பெட்டி தாண்டியதும் இறக்குகிறேன்.

இது ஆறாவது மாதம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கரிப்பாப் மேசையில் எஸ்தர் அக்காவிடம் முப்பது ரிங்கிட்டை நீட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், நோட்டில் குறித்தார், எனக்குப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பாக்கி இருநூற்று எழுபது ரிங்கிட்.